நூலில் கட்டிய ஊதாப் பேனா

போன வருஷம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். வண்டி திருக்கழுக்குன்றத்தில் நின்றது. மலைக்கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கினார்கள், பூக்கூடைகள் ஏறின. அந்த நெரிசலில் என் கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்திலிருந்து.

ஆராய்ச்சிக்காக ஆசிரியர்களிடம் நிரப்பி வாங்கி நான் கொடுத்த நாற்பத்தொரு வினாத்தாள்களும் ஒரே ஆள் நிரப்பியவை போலத் தெரிகின்றனவாம். மூன்று வாரத்தில் ஆய்வுக் குழுவின் முன்னால் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். விளக்கம் சரியில்லை என்றால் பதிவு ரத்தாகும்.

நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை எழுத்தே தெரியவில்லை. பேருந்து மாமல்லபுரம் வந்து நின்றதும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, எறங்கலையா? வண்டியோட டிப்போவுக்கு வரப் போறியா?" என்றார். எப்போதும் அவர் பேச்சுக்குப் பதில் பேச்சு கொடுப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

ஜெபத்தில் என்னைத் தாங்கிய அன்புள்ளங்களே, என் வாய் சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் சாட்சி சொல்லச் சொன்னால் இருபது நிமிஷம் எடுத்துக்கொள்வேன். அதனால்தான் நம் போதகர் ஐயா, "எழுதியே குடுத்துடுங்கம்மா, மத்தியான சாப்பாட்டுக்காவது எல்லாரும் வூட்டுக்குப் போவட்டும்" என்றார். எழுதுகிறேன். ஆனால் பேசுகிற மாதிரிதான் எழுதத் தெரியும்.

என் பெயர் ஜெயசீலி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் குப்பம் ஒன்றில் இருக்கும் சபைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. அதே நிர்வாகத்தின் மற்ற நான்கு சின்னப் பள்ளிகளுக்கும் ஒருங்கிணைப்பாளர். வகுப்பில் உட்கார்ந்து நான் படித்தது ஆசிரியர் பயிற்சியோடு முடிந்தது. அதற்குப் பிறகு வாங்கிய பட்டம் எல்லாம் தபால் வழி. பேருந்தில், சமையலறையில், பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற மண்டபத்தில் நின்றபடி படித்தவை. மற்றதை மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். யார் எதை நன்றாகச் சொன்னாலும் கைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

நாற்பத்தெட்டு வயதில் கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். எங்கள் ஐந்து பள்ளி ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் அனுப்பினேன். என் தலைப்பைக் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் ஆசிரியர்களால் மனம் திறந்து பேச முடிகிறதா? தலைமையில் இருப்பவர் காது கொடுக்கிறாரா? இதுதான் என் ஆராய்ச்சி. இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் இதுவே என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். பொறுமைசாலி. அவரே தடுமாறினார்.

"அம்மா, நான் உங்களை நம்புறேன். பேப்பர் நம்பலையே. நாற்பத்தொரு பேரும் எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்துலயே டிக் போட்டிருக்காங்க. 'என் தலைமையாசிரியரிடம் தயங்காமல் பேசுவேன்', முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 'என் தலைமையாசிரியரிடம் பேசப் பயமாக இருக்கிறது', அதுக்கும் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். படிச்சுப் பாக்குறாங்களான்னு தெரிஞ்சுக்கத்தானே அந்த மாதிரி எதிர்க்கேள்வி வைக்கிறோம்? அதோட எல்லாமே ஊதா மை. ஒரே மை. நீங்க இதையெல்லாம் பாக்கலையா?"

பார்த்தேன். அதுதான் வெட்கம். தாள்கள் திரும்பி வந்த அன்றைக்கு மேலே இருந்த ஏழெட்டைப் பார்த்தேன். தயங்காமல் பேசுவேன், பேசுவேன், பேசுவேன் என்று வரிசையாக டிக். கண் கலங்கிவிட்டது. "ஆண்டவரே, என் ஆசிரியர்கள் என்னை இவ்வளவு நேசிக்கிறார்களா?" என்று அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னேன். மீதியைப் பார்க்காமல் செங்கல்பட்டில் தட்டச்சு மையத்தில் கொடுத்து, தாள்களையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் குப்பத்தில் மீன் விற்கிற அக்கா எப்போதும் என்னைத் திட்டுவார்கள், "செவுளத் தூக்கிப் பாரு டீச்சர், மேலாகப் பாத்து வாங்குறியே" என்று. அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

அந்த மூன்று வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன். சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்துவிடுவேன். என் கணவர் சாமுவேல் செங்கல்பட்டில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கிறார். அளந்து பேசுகிறவர். அவரே சொன்னார்:

"இன்னா சீலி, வூட்டுக்குள்ளயே திருக்கழுக்குன்றம் கிரிவலம் வந்துகினு கீற? உக்காரு."

"எப்படிங்க உக்கார்றது? பொய்க் கையெழுத்து போட்டவள்னு சொல்லிட்டாங்க. நாளைக்குப் பிள்ளைங்களுக்குக் காப்பி அடிக்காதேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

பட்டம் போனால் போகட்டும் என்று ஒரு மணி நேரம் நினைப்பேன். அடுத்த மணி நேரம் பெயர் போகிறதே என்று எழுந்து நடப்பேன். இருபத்தாறு வருஷம் சேர்த்த பெயர்.

ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். "கர்த்தாவே, என் பெயரைக் காப்பாற்றும். இதைச் செய்தவர் யாரோ, அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்." இதே ஜெபம்தான், காலையும் மாலையும். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. யார் என்பதிலும் சந்தேகம் இல்லை.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியை கற்பகம். திருக்கழுக்குன்றத்தில் கோயில் பணிக் குடும்பம். குரல் கணீரென்று இருக்கும். அந்த ஜனவரியில், வினாத்தாள் போவதற்கு ஒரு வாரம் முன்னால், என் அறைக்கு வந்தாள். காலையில் படகு கரைக்கு வருகிற நாட்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வலை இழுக்கவும் மீன் பிரிக்கவும் நின்றுவிட்டுத் தாமதமாக வருகிறார்கள், முதல் பாடவேளையை அரை மணி தள்ளி வைக்கலாமா என்று கேட்டாள். அவள் முடிப்பதற்குள் நான் தலையை ஆட்டி, "நல்ல யோசனை, அப்புறம் பேசலாம்" என்றேன். அன்று மத்தியானமே சர்க்குலர் அனுப்பினேன், தாமதமாக வருகிற மாணவர்களை வகுப்பில் சேர்க்கக்கூடாது என்று. அதிலிருந்து அவள் என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசுவதில்லை.

அதனால் அவள்தான் எல்லோரையும் தூண்டிவிட்டிருப்பாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். "கர்த்தாவே, அவளை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று பெயர் சொல்லியே ஜெபிக்க ஆரம்பித்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

இரண்டு வாரம் போனது. வானம் திறக்கவில்லை. குழு கூடுவதற்கு ஆறு நாள் இருக்கும்போது, மத்தியான சாப்பாட்டு நேரத்தில் பழைய மேசை நாற்காலி போட்டு வைத்திருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். முழங்காலில் நின்றேன். அதுவும் முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே சத்தமாக ஜெபித்தேன். "யார் செய்தது என்று காட்டும் ஆண்டவரே, காட்டும்" என்று அழுதேன்.

கண் திறந்தால் கதவருகே பூங்காவனம் நிற்கிறாள். எங்கள் பள்ளி உதவியாளர். மணி அடிப்பது, தண்ணீர் வைப்பது, வகுப்பு வகுப்பாகக் கையெழுத்து வாங்க சர்க்குலர் நோட்டைச் சுமப்பது எல்லாம் அவள்தான். கையில் அந்த நோட்டு.

"மன்ச்சிக்க டீச்சரம்மா. கையெழுத்துக்கு வந்தேன். நீ அழுதுகினு இருந்த, அதான் நின்னுட்டேன். இன்னாத்த காட்டச் சொல்லி சாமியக் கேக்குற?"

யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. கொட்டினேன். வினாத்தாளை எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி நிரப்பி என்னைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றேன். பூங்காவனம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்ய! எந்தத் தாளு? தை மாசம் இந்த நோட்டுக்குள்ள வச்சுக் குடுத்தியே, அதுவா?"

"ஆமா."

"நோட்டுக்குள்ள வச்சா கையெழுத்து போடுவாங்க. படிக்கிறதுக்கா கீது நோட்டு? நீ அனுப்புற நோட்ட எவுரு படிச்சு நான் பாத்தேன்? கிளாஸ் நடந்துகினு இருக்கும். நான் வாசப்படில நின்னு 'சீக்கிரம் போடு சாரு, அடுத்த ரூமுக்குப் போவணும்'பேன். டக்குனு போட்டுத் தருவாங்க. அஞ்சு ஸ்கூலுக்கும் ஷேர் ஆட்டோல நான்தான எடுத்துகினு போனேன்? ரெண்டே நாள்ல முட்ச்சிக் குடுத்தேன். நீகூட 'சூப்பர் பூங்காவனம்'னு சொன்ன."

சொன்னேன். ஞாபகம் வந்தது.

"அந்த ஊதா மை..."

"தோ." நோட்டைத் தூக்கிக் காட்டினாள். முதுகில் ஓட்டை போட்டு வெள்ளை நூல் கோத்து, நூலின் முனையில் பேனா தொங்கியது. "பேனாவ அவங்கவங்க பாக்கெட்ல வச்சிக்கினு போயிர்றாங்கன்னு நீதான கட்டச் சொன்ன? ஊதா ரீபிலும் நீ வாங்கினதுதான்."

பிறகு அவள் நோட்டின் உள் அட்டையைத் திறந்தாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்தில், 'இவ்வாறு குறியிடவும்' என்று மாதிரி. முதல் கட்டத்தில், முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதன் கீழே, நானே ஊதா மையில் போட்ட ஒரு டிக். சர்க்குலரில் தலைமையாசிரியர் போட்ட இடத்தைப் பார்த்து அதற்குக் கீழேதான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

"கற்பகம் டீச்சர் ஒண்ணுதான் கேட்டுச்சு," என்றாள் பூங்காவனம். "'இது உத்தரவா, கேள்வியா அக்கா? கேள்வின்னா நான் வூட்டுக்கு எடுத்துகினு போயி எழுதித் தரேன்'னு. நான்தான் 'போடும்மா, பெரிய டீச்சர் கேக்குறாங்க'ன்னு அதட்டி வாங்கியாந்தேன். இன்னா, தப்பா?"

பழைய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக என் கால் ஆடவில்லை. செய்தவரைக் காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார். நூலைப் பிடித்துக்கொண்டு போனால் மறுமுனையில் நான் நிற்கிறேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கற்பகத்தை நிறுத்தினேன். வாசலில், பிள்ளைகள் போகிற சத்தத்துக்கு நடுவே.

"கற்பகம், உன்னைச் சந்தேகப்பட்டேன். உன் பெயரைச் சொல்லியே கடவுள்கிட்ட முறையிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"மேடம், அந்தத் தாள்ல பயமா இருக்குன்னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்குப் போட்ட டிக் மட்டும் நான் படிச்சுட்டுத்தான் போட்டேன்."

"என்னைப் பார்த்தா பயமா? நான் எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசறவளாச்சே."

"அதான் மேடம் பயம். நீங்க திட்டினா பதில் சொல்லலாம். நீங்க சிரிச்சுகிட்டே தலைய ஆட்டிடுவீங்க. அதுக்கப்புறம் நாங்க என்ன பேசறது?"

அதை என் சின்ன நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே நிற்கிறது.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. "பெயரைக் காப்பாற்றும்" என்பது வாயில் வரவில்லை. "உண்மையைச் சொல்ல பலம் தாரும்" என்று மட்டும் வந்தது. ஆனால் பயம் போனதென்று சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களா? குற்றம் சாட்டப்பட்டவள் ஒரு நோட்டைக் கொண்டுபோய், 'இதில் வைத்து அனுப்பினேன்' என்றால் சிரிக்க மாட்டார்களா? எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் கீழே வேலை செய்கிற யாரையும் கூப்பிட மனம் வரவில்லை. கூப்பிட்டால் அதுவும் சர்க்குலர்தானே? "நீரே ஒரு ஆளை அனுப்பும்" என்று அவரிடமே விட்டேன்.

குழு கூடுகிற நாள். நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாவலூர் வழியாகப் போகிற பேருந்து. கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போகிற, கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இளம்பிள்ளைகள் நின்றபடியே மடிக்கணினியைத் திறந்து வேலை செய்கிறார்கள். நான் ஒருத்திதான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உதடு அசைத்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழக வாசலில் இறங்கினால், மரத்தடியில் கற்பகம் நிற்கிறாள். நெற்றியில் விபூதியும் குங்குமமும். கையில் சாப்பாட்டுப் பை.

"லீவு போட்டுட்டேன் மேடம். வரட்டுமான்னு உங்ககிட்ட கேட்டா தலைய ஆட்டிடுவீங்கன்னு கேக்கல."

நான் அவளைப் பெயர் சொல்லி வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கேட்டேன் அல்லவா? காலை வெயில் முழுவதும் அவள் முகத்தில்தான் இருந்தது.

உள்ளே குழுவினர் நான்கு பேர், ஓரத்தில் என் வழிகாட்டி. தலைமை வகித்தவர் நரைத்த தலையுடைய ஒரு பேராசிரியை. ஒரு சின்ன ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள். என் மேல் குற்றம் விசாரிக்கவும் அதே ஆண்டவரிடம் கேட்கிறார்களே என்று உடம்பு சிலிர்த்தது. நோட்டை மேசை மேல் வைத்தேன். நூலைப் பிடித்துப் பேனாவைத் தூக்கினேன். பக்கம் பக்கமாக ஊதாக் கையெழுத்துகள். உள் அட்டையில் என் மாதிரித் தாள்.

"தப்பு என்னோடது," என்றேன். "நான் பொய்யா நிரப்பலை. ஆனா இந்த நாற்பத்தொரு தாளும் உண்மையும் இல்லை. இதைத் தள்ளிடுங்க."

நானாகவே அதற்கு மேல் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதையே அற்புதம் என்பீர்கள்.

வாசலில் கற்பகத்தைப் பார்த்திருந்த வழிகாட்டி அனுமதி கேட்டு அவளை உள்ளே அழைத்தார். பேராசிரியை கேட்டார், "நீங்க படிக்காமலே டிக் போட்டீங்களா?"

"ஆமாங்க மேடம். ஒண்ணைத் தவிர."

"உங்க தலைமையாசிரியை கேட்டுக்கிட்டதால இங்க வந்தீங்களா?"

"இல்லைங்க. அவங்களுக்குக் கேக்க வராது. அதைத்தான் இப்பக் கத்துக்கிட்டு வர்றாங்க."

பேராசிரியை சிரித்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம டிபார்ட்மென்ட்லயும் இதே நோட்டுதானே சார் சுத்துது, நீங்க என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?" என்றார். அவர் தலை குனிந்துகொண்டார்.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டு விலகியது. ஆனால் எல்லாத் தாளும் தள்ளுபடி. முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு வருஷம் கூடுதல் அவகாசம். வெளியே வந்து கற்பகம் கொண்டுவந்த புளிசாதத்தை இருவரும் மரத்தடியில் பகிர்ந்து சாப்பிட்டோம். மூன்று வாரத்தில் நான் பாதியில் எழுந்துவிடாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

நவம்பரில் மறுபடியும் வினாத்தாள் போனது. பெயர் இல்லை, மாதிரி டிக் இல்லை, சொந்தக் கருத்து எழுதக் கடைசியில் இடம், ஒட்டக்கூடிய உறை. வீட்டுக்கு எடுத்துப் போய் எழுதி, அவரவரே பல்கலைக்கழக முகவரிக்குத் தபாலில் போட வேண்டும். முப்பத்திரண்டுதான் திரும்பி வந்தது. வழிகாட்டி எல்லாப் பள்ளிகளின் தாள்களையும் கலந்து தட்டச்சு செய்து அனுப்பினார். மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில் இருந்தது: 'எங்கள் தலைமையாசிரியர் முடிவு எடுத்த பிறகு கருத்துக் கேட்பார்.' இன்னொன்றில்: 'அன்பானவர். காதுதான் இல்லை.' எந்தப் பள்ளியோ தெரியாது. எல்லாமே எனக்கு எழுதியது போலத்தான் இருந்தது. வலித்தது. எழுந்து அலையோரமாக நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி படித்தேன். அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். முன்பு சொன்ன ஸ்தோத்திரத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இன்னும் பட்டம் வாங்கவில்லை. ஆய்வேடு பாதியில் நிற்கிறது. எப்போது முடியும் என்ற பரபரப்பு இன்னும் இருக்கிறது. கால் இன்னும் ஆடுகிறது. ஆனாலும் இன்றைக்கே சாட்சி சொல்கிறேன். கேட்டதற்கு அவர் பதில் தந்துவிட்டார். நான் எதிர்பார்த்த முகவரிக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்பின் முதல் பாடவேளை இப்போது அரை மணி தள்ளித்தான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகள் கையில் மீன் வாசத்தோடு வருகிறார்கள். வருகிறார்கள் என்பதுதான் விஷயம்.

உங்களில் யாராவது என்னைப் போல நிலைகொள்ளாமல் நடந்துகொண்டே ஜெபிக்கிறீர்களா? நடங்கள், பரவாயில்லை. அவர் கூடவே நடந்து வருவார். யாரையோ காட்டச் சொல்லிக் கேட்டு அவர் உங்களையே காட்டினால், கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அவமானப்படுத்த அப்படிக் காட்ட மாட்டார். தைரியமாக அவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்க்குலர் நோட்டில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒரு கட்டம் விட்டிருக்கிறோம், அவரவர் எண்ணத்தை எழுத. நூலை அறுத்துவிட்டேன், அவரவர் பேனாவில் எழுதட்டும் என்று. முதல் மாதம் அந்தக் கட்டம் காலியாகவே வந்தது. போன வாரம் ஒரு சர்க்குலர் அனுப்பினேன். ஒரு பாடவேளைக்குள் திரும்பிவிடுகிற நோட்டு இரண்டு நாளாகியும் வரவில்லை. பொறுக்க முடியாமல் பூங்காவனத்தைக் கேட்டேன்.

"நான் இன்னா டீச்சரம்மா பண்றது?" என்று சலித்துக்கொண்டாள். "ஒவ்வொருத்தரும் ஒக்காந்து படிச்சிகினு கீறாங்க."